எத்தனை மீனுன்னு கேக்காதீங்க மக்கா

போன பிப்ரவரில ஒரு ஞாயித்துக்கிழமை, எங்க ஊர்க் கண்மாய்ல காலைல 6 மணிலேர்ந்து சாயங்காலம் 6 மணி வரைக்கும் நாங்க மூணு பேர் விடாம ஃப்ளை ஃபிஷிங் பண்ணி முடிச்சோம். இதைக் கேட்ட நாள்லேர்ந்து ஆபீஸ்ல, ஊர்ல, போன்ல எல்லாரும் கேக்குறது ஒரே கேள்வி. "எத்தனை மீனு?"

பதில் சொல்றேன், அவசரப்படாதீங்க. ஆனா அந்தக் கேள்வியே தப்புங்கறதுதான் இந்தப் பதிவு. மொக்கைன்னு நினைக்கறவங்க இப்பவே அடுத்த கடைக்குப் போயிரலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

முதல்ல தெரியாதவங்களுக்காக ஒரு நாலு வரி. நம்ம ஊர்த் தூண்டில்ல மூங்கில் குச்சி, நரம்பு, தக்கை, ஒரு முள்ளு, அதுல மண்புழு. போட்டுட்டு உக்கார வேண்டியதுதான். ஸ்பின்னிங்னு இன்னொண்ணு இருக்கு, அதுல முனையில இருக்கற கனமான பொய் இரைதான் நரம்பை இழுத்துட்டுப் போகும். ஃப்ளைல முனையில கனமே கிடையாது. முள்ளுல ரெண்டு கோழி இறகு, கொஞ்சம் நூல் கட்டி ஒரு பூச்சி மாதிரி பண்ணிருப்பாங்க. அதை எறிஞ்சா காலடியிலதான் விழும். அதனால கனத்தை நரம்புக்கே குடுத்துட்டாங்க. தடியான லைன், வளையற நீளக் கம்பு. லைனைப் பின்னாடி வீசி, அது முழுசா விரியற வரைக்கும் காத்திருந்து, முன்னாடி வீசணும். அந்தக் காத்திருக்கற அரை நொடியில அவசரப்பட்டா சாட்டை மாதிரி 'பட்'டுன்னு சத்தம் வரும், பூச்சி பிய்ச்சுக்கிட்டு எங்கயோ போயிரும்.

நிமிஷத்துக்கு ரெண்டு வீச்சுன்னு வச்சாலும் 12 மணி நேரத்துக்கு 1,440 வீச்சு. மூணு பேருக்கு 4,320. பொட்டி தட்டுற புத்தி, பெருக்கிப் பாக்காம இருக்க முடியாது.

இறகுன்னதும் ஒரு துணுக்கு. வெள்ளைக்காரன் சால்மன் மீனுக்குக் கட்டுற பழைய பூச்சிகள்ல ரொம்ப மவுசான இறகு எதுன்னு பாத்தா, நம்ம சாம்பல் காட்டுக்கோழிச் சேவலோட கழுத்து இறகு. அதே கோழிதான், எங்க மலையடிவாரத்துல விடியக்காலம் கத்துமே அதுதான். அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாதுன்னு பல வருஷம் முன்னாடியே தடை போட்டாச்சு. நாங்க கட்டுனது அப்பத்தா வீட்டு நாட்டுச்சேவல் உதிர்த்த இறகுல. யாரும் கேஸ் போட வேண்டாம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

வெளிநாடுகள்ல இந்த மாதிரி நாள் முழுக்க, சில இடத்துல 24 மணி நேரம், தூண்டில் போடற சவால்கள் நடக்குது. ஏதாவது நல்ல காரியத்துக்குக் காசு சேக்கறதுக்காக நண்பர்கள் "மீனுக்கு இவ்வளவு தர்றேன்"னு வாக்கு குடுப்பாங்க. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனா மீனுக்கு இவ்வளவுன்னு விலை வச்ச உடனே பிடிக்கறவன் கை பரபரக்க ஆரம்பிச்சிரும். முள்ளைக் கழட்டறதுல நிதானம் இருக்காது. வெயில் ஏறினா தண்ணில பிராணவாயு குறையும், ஏற்கனவே இழுபட்டு ஓய்ஞ்ச மீன் அந்தச் சூட்டுல மீண்டு வர்றது கஷ்டம். நீந்திப் போற மாதிரி போய் அரைமணி கழிச்சு வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்கும். அது எண்ணிக்கையில வராது.

அதனால நாங்க நேரத்தைத்தான் எண்ணுறதுன்னு முடிவு பண்ணோம். மூணு கம்பு, கம்புக்கு 12 மணி நேரம், மொத்தம் 36 மணி. மீன் வருதோ வரலையோ, ஒவ்வொரு மணிக்கும் நோட்டுல ஒரு வரி விழணும். வராத மணிக்குத்தான் முக்கியமா விழணும். முள்ளு நுனியில பின்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்குமே சின்ன முள், அதைக் குறடால நசுக்கிட்டோம், சுலபமாக் கழலும். கையை நனைச்சுட்டுத்தான் மீனைத் தொடணும்.

இதுக்கு ஏன் இவ்வளவு அலட்டல்னு கேட்டா காவிரிக்குப் போகணும்.

கர்நாடகால காவிரிக் கரையில பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமக்கலின்னு தூண்டில்காரங்க முகாம்கள் இருந்துச்சு. உலகம் முழுக்கலேர்ந்து மஹ்சீர் பிடிக்க வருவாங்க. முதுகுல திமில் மாதிரி மேடு இருக்கற ஹம்ப்பேக் மஹ்சீர்தான் ராஜா. 1946ல மைசூர் வான் இங்கன் குடும்பத்துக்காரர் (புலி, சிறுத்தைக்கெல்லாம் பாடம் பண்ணிக் குடுத்த அதே குடும்பம்தான்) கபினியில பிடிச்சது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. ஒரு ஆளு எடை! பின்னாடி முகாம் காலத்துல பிடிச்சதை எடை பாத்துட்டு ஆத்துலயே விட்டுருவாங்க. காட்டுயிர்ச் சட்டப்படி இது சரியாங்கற சர்ச்சை கிளம்பி, 2012ல சரணாலயத்துக்குள்ள தூண்டில் போடறதை நிறுத்திட்டாங்க.

இதுவரைக்கும் வழக்கமான கதை. சுவாரசியம் இனிமேத்தான். கலிபோர் முகாம்ல 1998லேர்ந்து 2012 வரைக்கும் வந்தவங்க எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டாங்க, என்ன மீன், என்ன எடைன்னு குறிப்பு எழுதி வச்சிருந்தாங்க. இருபதாயிரத்துக்கும் மேல மணி நேரம், ஆறாயிரத்துக்கும் மேல மீன். ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் அதை எடுத்து அலசி 2015ல கட்டுரை போட்டாங்க. மொத்த மீன் எண்ணிக்கை குறையவே இல்லை, கூடியிருக்கு! எண்ணிக்கையை மட்டும் பாத்தவன் "ஆஹா, ஆறு நல்லாருக்கு"ன்னு போயிருப்பான். ஆனா கூடினது வேற இடத்துலேர்ந்து கொண்டாந்து, பண்ணையில பெருக்கி விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர். காவிரியோட சொந்த மீனான ஹம்ப்பேக், வருஷத்துக்கு வருஷம் கரைஞ்சுக்கிட்டே வந்திருக்கு.

அதைவிடக் கொடுமை, அந்த ராஜாவுக்கு அப்போ சரியான அறிவியல் பேரே கிடையாது. மறையூர், சின்னார் பக்கம் ஓடி அமராவதில சேர்ற பாம்பாறுல கிடைச்ச ஒரு மீனுக்கு 2007ல டோர் ரேமாதேவின்னு பேரு வச்சாங்க. காவிரி ஹம்ப்பேக்கும் அதுவும் ஒண்ணுதான்னு நிரூபணம் ஆனது 2018ல. அதே வருஷம் அழிவின் விளிம்புல இருக்கற உயிரினப் பட்டியல்லயும் சேத்துட்டாங்க. பேர் கிடைச்சதும் ஐசியூவுக்குப் போனதும் ஒரே வருஷம்.

இதுல எனக்குப் பட்டது என்னன்னா, அந்த முகாம்ல தூண்டில் போட்டவன் ஒருத்தனும் ஆராய்ச்சி பண்ண வரலை. பொழுதுபோக்க வந்தவன். ஆனா "மூணு மணி நேரம் போட்டேன், ஒண்ணும் வரலை"ன்னு வெக்கப்படாம எழுதி வச்சான் பாருங்க, அதுதான் கணக்கோட அடிப்பகுதி. 50 மீன் பிடிச்சேன்னா எனக்கு ஒண்ணும் புரியாது. 5 மணில 50ஆ, 500 மணில 50ஆ? கோடு எழுதறவங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கீழ வகுக்கற எண் இல்லாம மேனேஜர் காட்டுற பெர்சன்டேஜை நாம தினமும் பாக்கறோமே!

இந்த மேட்டரை நம்ம கம்மாய்க்குக் கொண்டு வரலாமேன்னுதான் இந்த 12 மணி நேரம்.

கண்மாய் சும்மா கிடக்கற தண்ணி இல்லைங்க, மீன் பாசி குத்தகைக்கு விட்டிருக்கு. குத்தகைக்காரர்கிட்ட அனுமதி கேக்கப் போனோம். கம்பையும் இறகையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "தம்பி, இதுல மீன் மாட்டுனா நான் வலையை வித்துட்டுப் போயிர்றேன்"னாரு. அப்புறம் "ஜிலேபி எவ்வளவு வேணாலும் எடுத்துக்குங்க. கட்லா, ரோகு மாட்டுனா அங்கயே விட்டுறணும், அது நான் காசு போட்டு விட்ட குஞ்சு"ன்னு கண்டிஷன். நியாயம்தானே.

நான், என் கூடப் படிச்ச பெங்களூர் நண்பன், திராட்சைத் தோட்டம் பாக்கற அத்தை மகன் (மாப்ள), இதான் தூண்டில் கோஷ்டி. கரையில சின்னையா, ஒன்பதாவது படிக்கற அவரோட மக, மதியத்துக்கு மேல அப்பத்தா, அப்புறம் சின்னையா வீட்டுக் கோம்பை. கோம்பைன்னா ஊரு மட்டும் இல்லை, ஊரு பேரைத் தாங்குன நாயும்தான், செவலை உடம்பு, கரு மூஞ்சி. அது ஒவ்வொரு மீனுக்கும் முகர்ந்து பாத்து ஒப்புதல் குடுத்தப்புறம்தான் கணக்குல ஏறும்.

கூட வந்தவங்களைப் பத்தி எழுதும்போது வழக்கமா "உற்சாகப்படுத்தினார்கள்"னு ஒரு வார்த்தையில முடிச்சிருவாங்க. இங்க அப்படி இல்லை. தூண்டில் போடறவன் நோட்டு எழுதக் கூடாதுன்னு சின்னையா மக முதல்லயே சொல்லிட்டா. "அண்ணே, நீ எழுதுனா நீ பிடிச்ச ஜிலேபி எல்லாம் அரைக் கிலோ ஆயிரும்." அவதான் ஸ்கேல் வச்சு அளந்தா, மணி பாத்தா, எழுதுனா. மீன் வராத மணிக்குப் பெருசா ஒரு சுழி போட்டு அதுக்குள்ள கண்ணு மூக்கு வரைஞ்சா. பெங்களூர்க்காரன் ஒரு மீனைத் தண்ணிலயே தப்ப விட்டுட்டு, "கைக்கிட்ட வந்துருச்சு, கணக்குல சேத்துக்க"ன்னு கெஞ்சினான். சேக்கலையே! இந்த மாதிரி ஒரு ஆள் கரையில இல்லாத சவாலை நான் நம்ப மாட்டேன், அது எந்த நாட்டுல நடந்தாலும் சரி.

காலைல 6லேர்ந்து 9 வரைக்கும் சொர்க்கம். மலை மேல ராமக்கல்மேடு தெளிவாத் தெரிஞ்சது. ஆனி, ஆடில அந்த இடைவெளி வழியா இறங்கற காத்து எங்க ஊர்ல வேட்டியை நிக்க விடாது. அங்கேர்ந்து கீழ தேனி வரைக்கும் காத்தாடி நட்டு வச்சது சும்மாவா? அந்தக் காத்துல ஃப்ளை லைன் வீசுனா நம்ம காதுலதான் மாட்டும். அதனாலதான் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தோம். 9 மணிக்குள்ள மீன் எண்ணிக்கை முப்பதைத் தாண்டிருச்சு. வலையை விக்கறேன்னவர் டீயோட வந்து உக்காந்தாரு.

11லேர்ந்து 3 வரைக்கும் நரகம். கம்புக்கு நாலு மணி, மூணு கம்புக்கு 12 மணி. கிடைச்சது மொத்தமே 4 மீன். தோள்பட்டை கழண்டு வர்ற மாதிரி வலி. மாப்ள, தோட்டத்துல மம்பட்டி பிடிக்கற ஆளு, "மாப்ள, இதுக்கு நாலு குழி வெட்டியிருந்தா நாலு கன்னாச்சும் வச்சிருக்கலாம்"னான். பூச்சியை மாத்தறோம், ஆழத்தை மாத்தறோம், ஒண்ணும் நடக்கலை. சுழிக்குள்ள மூக்கு வரைஞ்சு வரைஞ்சு பேனா தீந்திருக்கும். எனக்கு அந்த நாள்ல பிடிச்ச பகுதி எதுன்னு கேட்டா இந்த நாலு மணி நேரம்தான். சும்மா பொழுதுபோக்குக்கு வந்திருந்தா 11 மணிக்கே கம்பைச் சுருட்டிட்டு வீட்டுக்குப் போய் சாப்ட்டுட்டு, "மணிக்கு ஏழெட்டு மீன் வருது நம்ம கம்மாய்ல"ன்னு பீத்தியிருப்போம். அந்தப் பொய்யை உடைச்சது இந்த நாலு மணி.

அப்பத்தா வந்தது மூணு மணிக்கு, மோர்த் தூக்கோட. நான் ஒரு கெண்டையைப் பிடிச்சு, அளந்து, திருப்பி விட்டதைப் பாத்துட்டு ஒரு கேள்வி கேட்டுச்சு. "விடுறதுக்கு எதுக்குடா பிடிக்கற? பசிக்குப் பிடிச்சா அது மீனோட விதி. விளையாட்டுக்கு அது வாயில எதுக்குக் குத்தணும்?"

இந்தக் கேள்விக்கு 'கேட்ச் அண்ட் ரிலீஸ்' ஆளுங்க குடுக்கற வழவழா பதில் எதுவும் அப்பத்தாகிட்ட செல்லாது. வலிக்காதுன்னு சொல்றது, மீனுக்கு ஞாபகம் இருக்காதுன்னு சொல்றது எல்லாம் நம்ம வசதிக்காகச் சொல்லிக்கறது. என்னோட நிலைப்பாடு இதுதான்: ஜிலேபி விடுறதுக்கான மீன் இல்லை, சாப்பிடறதுக்கான மீன். அது ஆப்பிரிக்காவுலேர்ந்து தாய்லாந்து வழியா 1952ல இந்தியாவுக்குள்ள கொண்டு வந்து விட்டது. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலயே வச்சுக் காப்பாத்தும், அதனால எங்க விட்டாலும் பெருகி நம்ம மீனை ஒதுக்கிரும். அதைக் குழம்புல போடுங்க. கெண்டை, கெளுத்தி மாதிரி நம்ம மீன் வந்தா அளந்து விடுங்க. அந்த அளவு நோட்டுல ஏறாதுன்னா, அப்பத்தா சொல்றதுதான் சரி, குத்தாதீங்க. நோட்டு இல்லாத கேட்ச் அண்ட் ரிலீஸ் வெறும் விளையாட்டு. எதிர்க்கருத்து இருக்கறவங்க பின்னூட்டத்துல வாங்க, கும்மிக்கு நான் ரெடி.

இப்ப கணக்கு. 36 மணில 58 மீன். ஜிலேபி 51, கெண்டை 5, விரால் 1, கட்லா 1 (விட்டாச்சு, குத்தகைக்காரர் முன்னாடியேதான்). மணிக்கு ஒண்ணரைக்குக் கொஞ்சம் மேல.

நோட்டை சாயங்காலம் அப்பத்தாவுக்குப் படிச்சுக் காட்டினா சின்னையா மக. அயிரை எத்தனைன்னுச்சு அப்பத்தா. இல்லை. உழுவை? இல்லை. ஆரா, குரவை? இல்லை, இல்லை. "எங்க காலத்துல சேலையை விரிச்சுப் பிடிச்சா அயிரை அள்ளலாம்"னுட்டு மோர்த் தூக்கைக் கழுவப் போயிருச்சு.

இங்க ஒரு எச்சரிக்கை போட்டே ஆகணும், இல்லைன்னா நானும் வாட்ஸப் விஞ்ஞானி ஆயிருவேன். அயிரை அடிமண்ணுல மேயற விரல் நீள மீன். எங்க பூச்சியை அது ஏறெடுத்தும் பாக்காது. நாங்க பிடிக்கலைங்கறதால கண்மாய்ல அயிரை இல்லைன்னு ஆகாது. எங்க நோட்டு சொல்றது இவ்வளவுதான்: பூச்சி திங்கற மீன்கள்ல, பகல்ல, பிப்ரவரில, பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது வெளியூர்க்காரன். அடுத்த வருஷம் இதே மாசம், இதே 36 மணி போட்டாத்தான் இந்த ஒத்தை வரிக்கே அர்த்தம் வரும். அயிரைக்கு சேலைதான் சரியான கருவி. அப்பத்தா ஒத்துக்கிட்டா ஒரு நாள் அதுக்கும் நோட்டுப் போடலாம்.

இன்னொரு ஆதங்கத்தையும் கொட்டிர்றேன். நம்ம பக்கத்துல ஃப்ளை ஃபிஷிங்னாலே மூணாறு ட்ரௌட்தான். தேயிலைத் தோட்டத் துரைமாருங்க தங்க ஊர் ஞாபகத்துக்குக் கொண்டாந்து விட்ட மீன். அதுக்கு ராஜமலையில குஞ்சு பொரிக்கற பண்ணை, அதைப் பிடிக்கறவங்களுக்கு ஹைரேஞ்ச்ல ஒரு சங்கம், அனுமதிச் சீட்டு, எல்லாம். நீலகிரியிலயும் அதே கதைதான், 1863ல பிரான்சிஸ் டே முயற்சி பண்ணித் தோத்து, அதுக்கப்புறம் 1900களோட தொடக்கத்துல வில்சன்ங்கறவர் அவலாஞ்சியில பண்ணை வச்சு வளத்தாரு. உழைப்பைக் குறை சொல்லலை. ஆனா குமுளிக்கு அந்தப் பக்கம், பெரியாறு ஏரிக்கு மேல இருக்கற ஓடைகள்ல ஒரு கெண்டைக் குடும்பத்து மீன் இருக்கு. 1941ல சுந்தரராஜ் விவரிச்ச மீன், லெப்பிடோபைகாப்ஸிஸ் டைபஸ். உலகத்துல வேற எங்கயும் கிடையாது. அதோட பேரினத்துலயே அது ஒண்ணுதான். அதுக்கு இங்கிலீஷ்ல பேரு 'பெரியாறு ட்ரௌட்'. ட்ரௌட்டே இல்லாத மீனுக்கு ட்ரௌட்னு சொன்னாத்தான் மதிப்புப் போல!

1895லேர்ந்து பென்னிகுயிக் புண்ணியத்துல அந்த ஏரித் தண்ணிலதான் எங்க பள்ளத்தாக்கு சோறு திங்குது. வருஷா வருஷம் அவருக்குப் பொங்கல் வைக்கறோம். அணையோட நீர்மட்டம் எத்தனை அடின்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எங்க ஊர்ல சின்னப் பையன்கூடச் சொல்லுவான். அந்தத் தண்ணில இருக்கற மீன் பேரு கேட்டா? நான் கேட்டுப் பாத்த ஒருத்தருக்கும் தெரியலை. அதைப் பிடிக்கப் போங்கன்னு சொல்லலை, அது புலிகள் காப்பகம், தூண்டிலோட போனா கம்பி எண்ணணும். பேரையாவது தெரிஞ்சுக்கலாம்ல?

சரி, நம்ம மக்கள்ல யாராச்சும் அவங்கவங்க ஊர்ல இதைப் பண்ணிப் பாக்கறதா இருந்தா ஃப்ளை கம்பெல்லாம் வேண்டாம், அது விலை அதிகம். மூங்கில் குச்சியும் மண்புழுவும் போதும். குத்தகைக்காரர்கிட்ட கேளுங்க. மலை ஓடைப் பக்கம் போகாதீங்க. நேரத்தை முன்னாடியே முடிவு பண்ணுங்க, மீன் வரலைன்னு பாதியில எந்திரிக்காதீங்க, நோட்டை வேற ஆள்கிட்ட குடுங்க. சின்னையா மக கிட்ட கேட்டா சுழி வரையறது எப்படின்னு சொல்லிக் குடுப்பா.

டிஸ்கி 1: 51 ஜிலேபில விரல் நீளத்துக்கு இருந்தது 14. அதையெல்லாம் கோம்பை வாங்கிக்கிச்சு. மிச்சம் ராத்திரி சின்னையா வீட்டுக் குழம்பு. புளி கொஞ்சம் தூக்கல்.

டிஸ்கி 2: குத்தகைக்காரர் இன்னும் வலையை விக்கலை. நோட்டோட ஒரு ஜெராக்ஸ் மட்டும் கேட்டு வாங்கிட்டுப் போனாரு.